நாய்க்கும் இடம்பெயர்வு உண்டு

பள்ளிக்கூடம் விட்டு கோடை தொடங்கினால் ரொறன்ரோவில் வீடு மாறுகிற காலமும் தொடங்கிவிடும். ஸ்காபரோ பேஸ்மென்டில் இருந்தவர்கள் மார்க்கத்துக்கும் அஜாக்ஸுக்கும் போவார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளிக்கிட்ட பிறகு, பெரிய வீட்டை வித்துப்போட்டு கொண்டோவுக்குப் போகிறவர்களும் உண்டு. அதோடு வட்ஸ்அப் குழுக்களில் இப்படி அறிவித்தல்களும் வரத் தொடங்கும்: "நல்ல நாய், மூன்று வயது, ஊசி எல்லாம் போட்டது. வீடு மாறினபடியால் வைச்சிருக்க ஏலாது. ஆருக்கும் வேணுமெண்டால் சொல்லுங்கோ."

சிலருக்கு உண்மையிலேயே வேறு வழி இல்லை. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் விசாரித்துப் பார்த்தால் பல இடங்களில் கதை வேறு. "பழைய வீட்டில நல்லாத்தான் இருந்தது. இஞ்ச வந்த பிறகு இரவிரவாய் அழுகுது, கார்பெற்றில மூத்திரம் பெய்யுது, லிஃப்ற் சத்தம் கேட்டாலே குரைக்குது. குணம் மாறிப்போச்சு" என்பார்கள். குணம் மாறவில்லை, வீடுதான் மாறியிருக்கிறது. புது வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமையில் நாயின் தலைவிதியைத் தீர்மானிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இதை எங்கட ஆக்களுக்கு அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து லட்சக்கணக்கான சனம் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அன்றைக்கு ஆரோ ஒருவருடைய விறாந்தையிலும் பள்ளிக்கூடக் கட்டிடத்திலும் படுத்தவர்களுக்குத் தெரியும், பழக்கமில்லாத இடத்தில் நித்திரை எப்படி வரும் என்று. ஏன் வெளிக்கிட்டோம் என்பதாவது எங்களுக்குத் தெரிந்திருந்தது. நாய்க்கு அதை ஒருவராலும் சொல்ல முடியாது.

நாய்க்கு வீடு என்பது முதலில் மணம். பழைய வீட்டின் ஒவ்வொரு மூலையும் அதன் மூக்குக்கு அத்துப்படி. புது வீட்டில் பெயின்ற் மணமும், முன்பு இருந்தவர்களின் மணமும், சில நேரம் அவர்களுடைய நாயின் மணமும்தான் இருக்கும். காப்பகங்களில் வேலை செய்கிறவர்கள் ஒரு பொதுக் கணக்குச் சொல்வார்கள்: முதல் 3 நாள் மிரட்சி, 3 கிழமையில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், 3 மாதத்தில் தன் வீடு என்று நம்பும். எல்லா நாய்க்கும் இது அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனால் அவசரப்படாமல் இருக்க உதவும்.

நாங்கள் கொண்டோவுக்கு மாறியபோது எங்கட நாய்க்கு ஆறு வயது. அதன் பழைய போர்வையைத் தோய்க்காமல் அப்படியே கொண்டுவந்தோம். முதல் சில நாள் ஒரே ஒரு அறை, பிறகுதான் மற்ற அறைகள். சாப்பாட்டு நேரமும் நடக்கிற நேரமும் மாறவில்லை. தனியே விடுவதை ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினோம். லிஃப்ற்றுக்கு, சனம் இல்லாத நேரம் பார்த்துப் பழக்கினோம். இரண்டாம் மாதம்தான் இரவில் அழுவதை நிப்பாட்டியது. இதற்குக் காசு தேவைப்படவில்லை, பொறுமைதான் தேவைப்பட்டது.

எங்கட வீடுகளுக்கென்றே ஒரு விசயம் இருக்கிறது, குடிபூரல். வந்த முதல் வார இறுதியிலேயே அறுபது பேர், ஹோமப் புகை, புகை அலாரம், திறந்தபடி வாசல் கதவு. மிரண்ட நாய் ஓடுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றைக்கு ஒரு நாள் தெரிந்த ஒருவர் வீட்டில் விடுங்கோ. பாசத்தில் வெங்காயம் போட்ட கறியை ஊட்ட வருகிறவர்களையும் தடுங்கோ, வெங்காயம் நாய்க்கு நஞ்சு. ரொறன்ரோவில் நாய்க்கு நகரசபை அனுமதிப்பத்திரம் கட்டாயம். அதிலும் மைக்ரோசிப் பதிவிலும் புது விலாசம், புது தொலைபேசி இலக்கம் மாற்றப்பட்டிருந்தால்தான் ஓடிப்போன நாய் திரும்பி வரும்.

வீட்டுக்காரருக்குப் பயந்து நாயைக் கொடுக்கிறவர்களும் உண்டு. ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14 ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் "வளர்ப்புப் பிராணி கூடாது" என்று எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. ஆனால் கொண்டோவின் சொந்த விதிகள் வேறு. வீட்டுக்காரரோடு குசினியோ குளியலறையோ பகிர்கிற பேஸ்மென்ட் என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. நாயால் மற்றவர்களுக்குக் கடும் தொல்லையோ ஒவ்வாமையோ வந்தால் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகவும் அவர்களுக்கு வழி உண்டு. ஆகவே கையெழுத்துப் போட முதலே கேளுங்கோ.

இன்னொருவரையும் கேட்க வேண்டும். நாயை ஆசைப்பட்டு வாங்கியது பிள்ளைகளாக இருக்கும். ஆனால் எல்லாரும் வேலைக்கும் படிப்புக்கும் போன பிறகு, பகல் முழுக்க அதோடு இருப்பது அம்மம்மாவோ அப்பப்பாவோதான். அவர்களுக்கும் அது புது இடம். பழைய தெருவில் கண்டு கதைத்த முகங்கள் இங்கே இல்லை. நாயைக் கொடுத்துவிடுவோம் என்று இரவுச் சாப்பாட்டு மேசையில் முடிவெடுக்கும்போது, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கிற வீடுகள் குறைவு. அந்த வீட்டில் தனித்துப்போகிறது நாய் மட்டும் இல்லை.

மூன்று மாதம் குடுங்கோ. திடீரென்று சாப்பிடாமல் விட்டாலோ வீட்டுக்குள் மூத்திரம் பெய்தாலோ வருத்தமாகவும் இருக்கலாம், மிருக வைத்தியரிடம் காட்டுங்கோ. எல்லாம் செய்தும் ஏலாவிட்டால், முகம் தெரியாத ஆளிடம் வட்ஸ்அப்பில் கொடுக்காமல், 1887 இல் இருந்து இயங்கும் ரொறன்ரோ ஹியூமன் சொசைட்டி போன்ற ஓர் இடத்தில் முறைப்படி கதையுங்கோ. ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும். புது நாட்டில் கால் ஊன்ற எங்களுக்கே எத்தனை வருடம் எடுத்தது என்று யோசித்துப் பார்த்தால், மூன்று மாதம் பெரிய காலம் இல்லை.