ஒரு கமா என்ன செய்துவிடும்?

ஒடுகத்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.காம். சேரும் பலருக்கு இங்கிலீஷ் என்றால் டென்ஸும் ஸ்பெல்லிங்கும்தான். கமா எல்லாம் ஊறுகாய் மாதிரி... இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி!

கோர்ட்டில் அப்படி இல்லை. மருந்து, அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 27வது பிரிவில் அப்போது 'ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்' என்று இருந்தது. 'ஸ்டாக்ஸ்' பக்கத்தில் கமா இருக்கவில்லை. அதனால் 'ஃபார் சேல்' இரண்டுக்கும் பொருந்தும், விற்பதற்காக ஸ்டாக் வைத்தால்தான் குற்றம் என்று 1979ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்டனை பெற்றவர் விடுதலையானார்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் கிடைக்காத வேலைகளின் பட்டியல் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று போனது. 'ஆர்' என்பதற்கு முன் கமா இல்லை. டெலிவரி செய்வது தனி வேலையா, பேக்கிங்கோடு சேர்ந்ததா? 2017ல் அப்பீல் கோர்ட் பால் கம்பெனி டிரைவர்கள் பக்கம் நின்றது. 2018ல் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

பேக்கிங், ஷிப்மென்ட்... ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை லெதர் கம்பெனிகளில் தினமும் புழங்கும் வார்த்தைகள்தானே? வெளிநாட்டு ஆர்டரும் எல்.சி.யும் இங்கிலீஷில்தான் வரும். அதைப் படித்துப் பதில் எழுதும் நாற்காலிக்குத்தான் இந்தப் பிள்ளைகள் போகப் போகிறார்கள்.

கமா தப்பாகப் போட்டவனைப் பார்த்துச் சிரிப்பது கேவலம். சொல்லிக்கொடுக்காமலே டிகிரி கொடுத்து அனுப்புவது அதைவிடக் கேவலம். பிசினஸ் லெட்டர் பாடத்தில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யை மனப்பாடம் செய்ய வைக்கும் நேரத்தில், ஒரு நிஜ ஆர்டரைக் கொடுத்து கமாவை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லலாமே!