ஸ்கைப் போச்சு, ஸ்கைரோட்ஸ் இருக்கு!

போன மாசம் எங்க வீட்டுல ஒரு சின்ன துக்கம். எம்பொண்ணு ரெண்டு வருஷமா மொபைல்ல விளையாடிக்கிட்டிருந்த ஒரு விளையாட்டை மூடிட்டாங்க. 'சேவை நிறுத்தப்படுகிறது'ன்னு ரெண்டு வரி அறிவிப்பு, அவ்ளோதான். அவ போட்ட தோட்டம், வளர்த்த ஆட்டுக்குட்டி, பொறந்தநாளுக்குத் தாத்தா குடுத்த காசுல வாங்கின மஞ்சள் வீடு... எல்லாம் அம்பேல்.

"காசு குடுத்துதானேப்பா வாங்கினோம்? அப்போ அது நம்மளோடது இல்லையா?"

ஒன்பது வயசுப் பொண்ணு கேக்குற கேள்விக்குப் பதில் தெரியாம முழிக்கிறது எனக்குப் புதுசு இல்லை. பேச்சை மாத்தலாம்னு, "வா, அப்பா அந்தக் காலத்துல என்ன விளையாடினேன்னு காட்டுறேன்"னு கம்ப்யூட்டரைத் திறந்து ஸ்கைரோட்ஸைப் போட்டேன். போட்ட பிறகுதான் உறைச்சது. நான் பேச்சை மாத்தலை, அவ கேட்டதுக்கு அதுதான் பதிலே!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க. 1996, பிளஸ் டூ லீவு. எங்க ஊர்லயும் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்துச்சு. செருப்பைக் கழட்டிட்டுதான் உள்ளே போகணும். ஏசி குளிரும், கம்ப்யூட்டருக்கு உறை போட்டு வச்சிருப்பாங்க. டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் சொல்லித் தருவாங்க. சார் டீ குடிக்கப் போற கால் மணி நேரம் மட்டும் எங்க ராஜ்ஜியம். எல்லாப் பயலும் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்கும் டேஞ்சரஸ் டேவுக்கும் அடிச்சுக்குவானுங்க. அடிச்சுக்கத் தெம்பில்லாத எனக்கு வாய்ச்சது மூலையில இருந்த ஒரு கம்ப்யூட்டர். அதுல இருந்ததுதான் ஸ்கைரோட்ஸ். யார் போட்டாங்க, எங்கேருந்து வந்துச்சு, ஒண்ணும் தெரியாது.

விளையாட்டு ரொம்ப எளிசு. விண்வெளியில அந்தரத்துல ஒரு ரோடு. அதுமேல உங்க கப்பல் பறக்குது. இடது, வலது, வேகம், தாவல், அவ்ளோதான் சமாச்சாரம். ரோடு நடுநடுவுல அறுந்து கிடக்கும், தாவலைன்னா பாதாளம். 10 உலகம், உலகத்துக்கு 3 ரோடு, மொத்தம் 30. கதை கிடையாது, எதிரி கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஆனா ரோட்டோட நிறத்துல இருக்கு சூட்சுமம். ஒரு பச்சை வேகத்தைக் கூட்டும், இன்னொரு பச்சை பிடிச்சு இழுக்கும். சிவப்புல பட்டா சாம்பல். நீலத்துல பட்டா எரிபொருளும் ஆக்சிஜனும் நிரம்பும். ரோட்டுக்கு ரோடு புவியீர்ப்பு வேற மாறும். முந்தின ரோட்டுல சரியா விழுந்த தாவல், அடுத்த ரோட்டுல தலைகுப்புற விழும். திரும்பப் பழகணும். செத்தா ஒரு நொடியில மறுபடி ஆரம்பம். 'இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னு சொல்ல வைக்கிற வித்தை எல்லாம் அந்தச் சின்ன விளையாட்டுல இருந்துச்சு.

இதை யார் பண்ணாங்கன்னு தெரிஞ்சுக்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. எஸ்டோனியா! மொத்த ஜனத்தொகையே 13 லட்சம் சொச்சம்தான். 1991ல்தான் சோவியத் யூனியன்கிட்டேருந்து திரும்ப சுதந்திரம் வாங்கின நாடு. அங்கே ப்ளூமூன்னு ஒரு குட்டி நிறுவனம். ஆத்தி ஹெய்ன்லா, யான் தாலின், ப்ரீத் கசேசாலுன்னு மூணு இளைஞர்கள். முதல்ல காஸ்மோநாட்னு ஒரு விளையாட்டு பண்ணாங்க. எஸ்டோனியாவுலேருந்து வெளிநாட்டுக்கு வித்த முதல் கம்ப்யூட்டர் விளையாட்டு அதுதான்னு சொல்லுவாங்க. அதையே மெருகேத்தி 1993ல் ஸ்கைரோட்ஸா விட்டாங்க.

இனிமேதான் கதையே. இந்த மூணு பேரும் பின்னாடி கஸாவுக்கு நிரல் எழுதினாங்க. அப்புறம் ஸ்கைப்புக்கு எழுதினாங்க! ஆமாங்க, சிங்கப்பூர் மாமாவும் துபாய் சித்தப்பாவும் நம்ம வீட்டு ஹாலுக்குள்ளே வந்து பேசினாங்களே, அதே ஸ்கைப்தான். 2003ல் ஆரம்பிச்சது. 2011ல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் குடுத்து வாங்கிச்சு. 2025 மே 5ஆம் தேதி மூடிட்டாங்க.

கவனிங்க மக்களே. ஒரே கைகள் எழுதின ரெண்டு நிரல். ஒண்ணு 850 கோடி டாலர், உலகமே பயன்படுத்துனது, இன்னிக்கு இல்லை. இன்னொண்ணை உலகத்துல பாதிப் பேருக்குத் தெரியாது, ஒரே ஃப்ளாப்பியில அடங்கிடும், இன்னிக்கும் எம்பொண்ணு மடியில ஓடுது. ஏன்?

பெருசு சின்னது, நல்லது கெட்டதுன்னெல்லாம் ஒண்ணும் இல்லை. ஸ்கைரோட்ஸ் முழுசா நம்ம கையில இருக்கு. ஓடுறதுக்கு யாரோட அனுமதியும் வேண்டாம், எந்த சர்வரும் கதவைத் திறக்க வேண்டாம். அதைப் பண்ணவங்களே பின்னாடி, 'இலவசமா எடுத்துக்கோங்க'ன்னு விட்டுட்டாங்க. பழைய டாஸ் நிரல்களைப் புதுக் கம்ப்யூட்டர்ல ஓட்ட டாஸ்பாக்ஸ் இருக்கு. 2015 ஜனவரியில இன்டர்நெட் ஆர்க்கைவ், பிரவுசருக்குள்ளேயே விளையாடுற மாதிரி இரண்டாயிரத்துக்கும் மேல பழைய டாஸ் விளையாட்டுகளை வச்சாங்க.

இன்னொரு உதாரணம், சூப்பாப்ளெக்ஸ். 1991ல் சுவிட்சர்லாந்துல ரெண்டு மாணவர்கள் பண்ணது, 111 கட்டம். எங்க சென்டர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா அதிகம். புதுக் கம்ப்யூட்டர்கள் வந்ததும் அது தறிகெட்டு வேகமா ஓட ஆரம்பிச்சது, விளையாடவே முடியாது. அதைச் சரி பண்ணது யாருங்கறீங்க? ஒரு ரசிகர்! ஸ்பீட்ஃபிக்ஸ்னு ஒரு ஒட்டு போட்டுக் குடுத்தார். கையில இருந்ததால ஒட்டுப் போட முடிஞ்சது. சர்வர்ல இருந்திருந்தா அழத்தான் முடிஞ்சிருக்கும், எம்பொண்ணு மாதிரி.

"அதெல்லாம் சரி, நீ திருட்டு காப்பி அடிச்சதை நியாயப்படுத்துறியா?"ன்னு கேப்பீங்க. கேக்கணும். இல்லைங்க. அந்த எஸ்டோனியாக்காரங்களுக்கு என் பாக்கெட்லேருந்து ஒரு பைசா போகலை. ஆரம்பத்துல பேர் ஓடும்போது எஸ்கேப்பைத் தட்டினவன் நான், பண்ணவன் பேரைப் படிக்கக்கூட பொறுமை இல்லாதவன். அது தப்புதான், அந்தக் கடன் இருக்கு. ஆனா நாம கள்ளத்தனமா ஃப்ளாப்பியில சுமந்துக்கிட்டுத் திரிஞ்சதாலதான் இதுல பல விளையாட்டுகள் பிழைச்சிருக்குங்கறதும் நிஜம். பாதுகாக்க வேண்டியவங்க பாதுகாக்கலை. 2023ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல 2010க்கு முன்னாடி வந்த விளையாட்டுகள்ல 87 சதவீதம் இப்போ கடையில கிடைக்காதாம். நூத்துக்குப் பதிமூணுதான் மிச்சம். இத்தனைக்கும் நூலகங்கள் ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்தே காட்ட அனுமதி கேட்டப்போ, 2024ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் முடியாதுன்னுடுச்சு. விக்கவும் மாட்டாங்களாம், காட்டவும் விடமாட்டாங்களாம்!

பிரபலமானதுக்கு ஆபத்தில்லை. மரியோவை நிண்டெண்டோ பார்த்துக்கும். போறதெல்லாம் மூலைக் கம்ப்யூட்டர்ல கிடந்த சரக்குதான். பிரபலமானதை மட்டும் வச்சுக்கிட்டா, ஏதோ ஒரு குட்டி நாட்டுல மூணு பசங்க எங்கேருந்து ஆரம்பிச்சாங்கங்கற கதை நமக்குத் தெரியவே தெரியாது.

இப்போ வர்றதோட நிலைமை இன்னும் மோசம். 2014ல் யூபிசாஃப்ட் விட்ட தி க்ரூங்கற கார் விளையாட்டை 2024 மார்ச் 31ல் சர்வரோட மூடினாங்க. நான் விளையாடினதில்லை. ஆனா முழு விலை குடுத்து வாங்கினவங்களாலயும் தனியாக்கூட ஓட்ட முடியலை. அதுலேருந்துதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கிளம்பிச்சு. ஐரோப்பாவுல அவங்க மனு 2025 ஜூலையில 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிச்சு. இந்த சத்தத்துக்கு அப்புறம் அதே நிறுவனம், தி க்ரூ 2க்கு ஆஃப்லைன் வசதி தர்றோம்னு 2024ல் அறிவிச்சது. அப்போ முடியும்! மனசு வச்சா முடியும்.

என் கட்சி இதுதான். ஆயுசுக்கும் சர்வர் நடத்துன்னு எவனையும் கேக்கலை, அது நியாயமும் இல்லை. கடையை மூடும்போது சாவியை வாங்கினவன் கையில குடுத்துட்டுப் போ. அவ்ளோதான். தனியா ஓடுற மாதிரி ஒரு கடைசித் திருத்தம், முடியலைன்னா மத்தவங்க சர்வர் நடத்திக்க அனுமதி. விக்கிறதை நிறுத்தியாச்சா? ப்ளூமூன் மாதிரி, எடுத்துக்கோன்னு விட்டுடு. ஜியோசிட்டீஸ் 2009ல் மூடினப்போ பக்கங்களைத் தொலைச்சவங்க யாராச்சும் இங்கே இருந்தா, இந்த வலி அவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

எம்பொண்ணு முதல் ரோட்டுல பதினாலு தடவை பாதாளத்துல விழுந்தா. பதினஞ்சாவது தடவை தாண்டிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா.

"அப்பா, இதையும் மூடிடுவாங்களா?"

"முடியாதும்மா. இது நம்ம வீட்டுல இருக்கு."

உடனே ஒரு பென் டிரைவ் கேட்டா. அதுல காப்பி பண்ணி, மேல பேப்பர் ஒட்டி, தன் பேரை எழுதிக்கிட்டா. பக்கத்துலேயே அந்த மூணு பேர் பேரையும் எழுதச் சொன்னேன். கடன்ல ஒரு தவணை.

சரி, உங்க ஊர் சென்டர்ல மூலைக் கம்ப்யூட்டர்ல என்ன இருந்துச்சு? பேர் ஞாபகம் இல்லைன்னாலும் பரவாயில்லை, எப்படி இருக்கும்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. சேர்ந்து தேடுவோம். பிரின்ஸ், டேவ்னு சொல்றவங்களுக்கு மட்டும் அனுமதி இல்லை :-)