ரிஸர்வ் பாங்கின் கவர்னரும் நிதி மந்திரியும்

நம் கல்லூரிக்கு வரும் மாணவரிற் பலர் நாள்தோறும் ஆவடியைக் கடந்தே வருகின்றனர். 1955-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவ்வூரிலே காங்கிரஸ் மகாசபை கூடி, இந்நாட்டிற் சமதர்ம மாதிரியான சமுதாயம் அமைதல் வேண்டுமெனத் தீர்மானித்தது. அந்நோக்கத்தை நிறைவேற்ற வகுத்த பெருந்திட்டங்களை நாம் நன்கறிவோம். அக்காலத்தே நாட்டுப் பணத்தின் காவலராய் அமர்ந்திருந்து, ஈற்றிற் பதவி துறந்து சென்ற ஸர் பெனகல் ராமராவை நினைப்பார் நம்முள் அரியர்.

அவர் சென்னை இராஜதானிக் கல்லூரியிற் பயின்று, பின் கேம்பிரிட்ஜ் சென்று, ஐ.ஸி.எஸ். உத்தியோகத்திற் புகுந்தவர். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகராயிருந்த பி. என். ராவ் இவருடைய தமையனார். இவருடைய மனைவியார் தன்வந்தி அம்மையார் நம் சென்னை இராணி மேரி கல்லூரியில் ஆசிரியையாயிருந்தவர். அமெரிக்காவில் இந்தியத் தூதராயிருந்தபின், 1949 ஜூலை 1-ஆம் நாள் ராமராவ் ரிஸர்வ் பாங்கின் கவர்னரானார். ஏழரை ஆண்டு அப்பதவி வகித்தார். அவ்வளவு நெடுங்காலம் அதனை வகித்தவர் வேறெவருமிலர்.

1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அரசாங்கத் துறைக்கு 4,800 கோடி ரூபாய் வகுத்தது. அதில் 1,200 கோடியைப் பற்றாக்குறைச் செலவால் ஈடுசெய்யக் கருதினர். அஃதாவது, பெரும்பாலும் நோட்டு அச்சிட்டுச் செலவிடுதல். அவ்வாண்டின் இறுதியில், அந்நாளைய நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாசாரியார் வர்த்தக உண்டியல்களின் மீதுள்ள முத்திரை வரியை உயர்த்தினார். சிறு வரிதானே எனின், அன்று. பாங்குகள் அவ்வுண்டியல்களை ஈடாக வைத்தே ரிஸர்வ் பாங்கிற் கடன் பெற்றுவந்தன. வரி ஏறவே கடனின் விலையும் ஏறிற்று. மூன்றரை சதவீதமென்று பாங்கு விதித்த வட்டி ஏட்டளவில் அப்படியே நிற்க, உண்மை வட்டியை மந்திரி உயர்த்திவிட்டார்.

கவர்னர் இதனை ஆட்சேபித்தார். பாங்கின் நிர்வாக சபையாரும் அவர் பக்கம் நின்றனர். மந்திரியோ, ரிஸர்வ் பாங்கு தம் இலாகாவின் ஒரு பகுதியே என்றார், கடுஞ்சொற்களும் நிகழ்ந்தன. பிரதம மந்திரி நேருவோ, பாங்கு ஆலோசனை கூறலாமேயன்றி அரசாங்கத்தின் முக்கிய நோக்கங்களுக்கு மாறாக நிற்றலாகாதென மந்திரியின் பக்கமே சாய்ந்தார். 1957 ஜனவரி 14-உடன் ராமராவ் விலகினார்.

கிருஷ்ணமாசாரியார் நம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர், பேரறிவினர். வரி விதித்தல் மக்கள் சபையின் உரிமை என்ற அவர் கட்சியையும் எளிதிற் புறக்கணித்தல் முறையன்று. வாக்காளருக்கு விடைகூற வேண்டியவர் மந்திரியேயன்றிக் கவர்னரல்லர். ஆயினும் யாம் கவர்னரின் பக்கமே நிற்கிறோம். காரணம் சட்டத்திலேயே உள்ளது. 1949 ஜனவரி முதல் நாள் ரிஸர்வ் பாங்கு நாட்டுடைமையானபோது, பொதுநலங் கருதிக் கவர்னரைக் கலந்தபின் பாங்கிற்குக் கட்டளையிடும் அதிகாரத்தை 7-ஆம் பிரிவு அரசாங்கத்திற்குத் தந்தது. மந்திரி அவ்வாறு எழுத்தாற் கட்டளையிட்டிருப்பின் பொறுப்பு இன்னாருடையதென்று நாடறிந்திருக்கும். வாயில் திறந்திருக்கவும் சாளரவழி புகுந்தது ஏன் என்பதே எம் வினா.

இங்கிலாந்திலும் இத்தகைய வழக்கு எழாமலில்லை. கல்கத்தாவில் ஆண்ட்ரூ யூல் கம்பெனியை நடத்திச் செல்வராகிய காட்டோ பிரபு அங்கே கவர்னராயிருந்த 1946-இல் இங்கிலாந்து பாங்கு நாட்டுடைமையாயிற்று. அச்சட்டத்திலும் கட்டளைப் பிரிவு உண்டு. அவர்க்குப்பின் வந்த காபோல்ட் 1957-இல் நிதி மந்திரியோடு மாறுபட்டு, கடன்களைக் குறைக்குமாறு மற்றப் பாங்குகளை வற்புறுத்த இணங்கவில்லை. ஆயினும் அவர் 1961 வரையிற் பதவியில் நிலைத்தார். 1960-இற் பிரபுப் பட்டமும் பெற்றார். நம்மவர்க்கு வாய்த்ததோ வீடு திரும்பும் பிரயாணம். பட்டத்தை யாம் பெரிதாக எண்ணவில்லை. மறுத்துரைத்தவனைப் பதவியில் இருக்கவிட்ட பொறுமையையே எண்ணுகிறோம்.

அப்பால் நிகழ்ந்தன விந்தையே. 1957 மே திங்களில் ரிஸர்வ் பாங்கின் வட்டி வெளிப்படையாகவே நான்கு சதவீதமாக்கப்பட்டது. 1958 பிப்ரவரியில் முந்த்ரா விவகாரத்தில் நிதி மந்திரியும் பதவி இழந்தார். 1963-இல் மீண்டும் அதே பதவிக்கு வந்தார். ராமராவ் 1969-இல் மறைந்தார்.

7-ஆம் பிரிவு ஏட்டில் அப்படியே இருந்தது. அரசாங்கம் அதனைக் கையிலெடுக்கப் போகிறதென்ற பேச்சு 2018-இல் நாடெங்கும் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் கவர்னர் உர்ஜித் பட்டேல், சொந்தக் காரணங்களால் என்று மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு விலகினார்.