வெப்பப் படமும் வீண் யூகமும்

"நான் கண்ணால் கண்டேன்" என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் விசாரணை வேண்டியதில்லை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். யந்திரத்தின் மூலம் கண்டேன் என்றாலோ கேட்கவே வேண்டாம். ஆனால், கண்டது எவ்வளவு, அவனாக நினைத்துக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டாமா? இதற்கு வெப்பப் படத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுவோம்.

1800-ல் ஹெர்ஷல் என்ற வான சாஸ்திரி சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இடத்தில் உஷ்ணமானியை வைத்தார். உஷ்ணம் ஏறிற்று. அங்கிருந்த கதிரைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். மனிதன், மாடு, மோட்டார், சுவர் எல்லாம் தத்தம் சூட்டுக்குத் தக்கபடி அதை வெளிவிடுகின்றன. அதைப் பிடித்துப் படமாக்கும் காமிரா கும்மிருட்டிலும் வேலை செய்யும். ஆனால் அது காட்டுவது சூட்டின் ஏற்றத்தாழ்வை மட்டுமே; இன்னது என்று பெயர் எழுதிக் காட்டுவதில்லை. தூரம் அதிகமானாலும், மழையும் ஈரக்காற்றும் குறுக்கிட்டாலும், காலை மாலைகளில் பொருளும் தரையும் ஒரே சூட்டுக்கு வந்தாலும் படம் மங்கிப்போகும். கண்ணாடிச் சன்னலைப் பார்த்தால் பார்க்கிறவனுடைய சூடே திரும்பித் தெரியும். அதைப் பேய் என்பவர்களும் உண்டு!

நிற்க, மங்கிய படத்தில் மனிதன் எவ்வளவு கண்டுகொள்ள முடியும்? அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்காரரான ஜான் ஜான்சன் என்பவர் 1958-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். இரவுப் பார்வைக் கருவிக்குச் சொன்ன அக்கணக்கு பின்னால் வெப்பப் படத்துக்கும் கொள்ளப்பட்டது. பொருளின் குறுகலான பக்கத்துக்குள் ஒரு ஜோடிக் கறுப்பு வெள்ளைக் கோடு பிரிந்து தெரியுமளவு தெளிவிருந்தால், ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம். மனிதனா, வண்டியா என்று சொல்ல 4 ஜோடி வேண்டும். இன்ன வண்டி என்று சொல்ல 6.4 ஜோடி வேண்டும். அதுவும் பத்துத் தடவையில் ஐந்து தடவை சரியாய்ச் சொல்லத்தான்!

முதற்படியில் நின்றுகொண்டு மூன்றாம் படியின் முடிவைச் சொன்னால் என்ன ஆகும்? 1991 வளைகுடா யுத்தத்தில் பிப்ரவரி 17 விடியுமுன், ஒரு அமெரிக்க ஹெலிகாப்டரிலிருந்து இரண்டு வண்டிகள் வெப்பக் கருவியில் தெரிந்தன. இடத்தைத் தவறாகக் குறித்ததால் அவை எதிரியுடையவை என்றே முடிவு செய்து சுட்டார்கள். வண்டிகளும் அமெரிக்கருடையவை, செத்த இருவரும் அமெரிக்கரே, மேலும் அறுவர் காயமடைந்தார்கள். கருவி பொய் சொல்லவில்லை. சூடான இரண்டு வண்டிகள் அங்கே இருந்தது உண்மை. எதிரி என்பதைச் சேர்த்தது யார்? மனிதனுடைய முன்முடிவல்லவா? அந்த யுத்தத்தில் 35 அமெரிக்கச் சிப்பாய்கள் தம்மவர் குண்டுக்கே பலியானதாக அவர்களுடைய அரசாங்கமே கணக்குச் சொல்லிற்று.

ஆகவே, மங்கிய வெப்பப் படத்தைக் காட்டி, இன்னான், இன்னது என்று சாதிக்கிறவர் போலீசானாலும் பட்டாளமானாலும் பேய் வேட்டைக்காரரானாலும், மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு தூரத்தில் எடுத்தது? அந்த உருவத்துக்குள் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன? படத்தைப் பார்க்குமுன் உமக்கு என்ன சொல்லியிருந்தார்கள்? இவற்றுக்குப் பதிலில்லை என்றால், "ஏதோ சூடாகத் தெரிகிறது, இன்னதென்று தெரியவில்லை" என்பதோடு அவர் நின்றுகொள்ளட்டும். அப்படிச் சொல்லுவதில் அவமானம் ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி ஒரு உயிரைப் போக்குவதுதான் அவமானம் என்று சொல்லுவோம்.