பெயர் மாறாத வண்டி

மேற்குக் கரை ரயில் பாதையும் கிழக்குக் கரை ரயில் பாதையும் கூடும் ஊர் கெமாஸ். இங்கிருந்து கோலாலம்பூருக்கு மின்ரயில் ஓடுகிறது. ஆயினும் செம்பனைக் காட்டின் நடுவே குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த ரயில் நிலையமே தொலைவு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், அடுத்த ஊருக்கு வேலைக்குப் போய்வரவும் சொந்த வண்டி வேண்டும். தோட்டப்புறத்தில் கார் ஆடம்பரம் அன்று. மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் வாழ்வோருக்குப் புதுக் கார் எட்டாக்கனி. எனவே அவர்கள் ஒரு பழைய மைவியையோ சாகாவையோ தேடிக் கைப்பேசியில் விளம்பரங்களைப் புரட்டுகின்றனர். அவர்களுடைய தேவையையும் அவசரத்தையும் நன்கறிந்த வஞ்சகரும் அங்கேயே கடை விரித்திருக்கின்றனர்.

அவ்வஞ்சகங்களுள் மிகவும் பரவலானது ‘சம்போங் பாயார்’. சில ஆயிரம் ரிங்கிட் முன்பணம் கொடுத்தால் போதும், மீதித் தவணையை மாதந்தோறும் கட்டிக்கொண்டு வண்டியை ஓட்டலாம், சம்பளச் சீட்டு வேண்டாம், கடன் விசாரணை இல்லை என்கிறது விளம்பரம். வங்கி கைவிரித்த ஏழைக்கு இது வரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

உண்மை நிலை என்ன? தவணை முடியும்வரை அந்த வண்டி வங்கியின் உடைமை. சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவேட்டிலும் வங்கியின் கடன் ஒப்பந்தத்திலும் இருப்பது முதலில் வாங்கியவரின் பெயர். முன்பணம் கொடுத்து ஓட்டிச் செல்பவருக்கு அவ்வண்டியின்மீது சட்டப்படி எள்ளளவும் உரிமை இல்லை. அவர் மாதந்தோறும் தவறாமல் கொடுக்கும் பணத்தை இடைத்தரகர் வங்கியில் கட்டாமல் விழுங்கினாலும் அவருக்குத் தெரிய வழியில்லை. அடுத்தடுத்து இரண்டு தவணைகள் நின்றால் வங்கி அறிவிப்பு அனுப்பலாம். அந்த அறிவிப்பும் பதிவேட்டில் உள்ள பெயருக்கே போகும். கெடு முடிந்ததும் வங்கியின் ஆட்கள் வந்து வண்டியை இழுத்துச் செல்வார்கள். லயத்து வாசலில் நின்று “நான் ஒழுங்காகப் பணம் கட்டினேனே” என்று அழுபவரின் குரலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கைமாற்றி விட்டவரும் தப்பிவிடுவதில்லை. கடன் அவர் பெயரில் நிற்கிறது. தவணை தவறினால் வங்கிகளின் பதிவேட்டில் அவர் பெயரே கெடுகிறது. சாலைக் குற்றச் சம்மன்கள் அவர் வீட்டுக்கே வருகின்றன. வண்டி விபத்தில் சிக்கினாலும் குற்றச்செயலுக்குப் பயன்பட்டாலும் காவல்துறை முதலில் தட்டுவது அவர் கதவைத்தான். இவற்றுக்கும் மேலாக, வங்கியை ஏமாற்றும் நோக்கில் வாடகைக் கொள்முதல் வண்டியைப் பிறருக்குக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி குற்றம். 30,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தவணை கட்ட முடியாமல் திணறுவோருக்கு அதே சட்டம் நேர்வழியையும் காட்டுகிறது: வங்கியின் இசைவோடு ஒப்பந்தத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். அந்த வழி இருக்க, இருட்டுவழியை நாடுவது அறியாமையால் மட்டும் நிகழ்வதன்று. கடன் தகுதியில்லாத ஒருவரின் தலையில் வண்டியைக் கட்டிவிட்டுக் கைகழுவும் எண்ணமும் அதில் கலந்திருக்கிறது என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இத்தீமைக்கு நம்மிடையே ஒரு பழைய வேரும் உண்டு. மாமன், மச்சான் என்ற முறையை நம்பி, கிராண்டை (வண்டியின் பதிவுச் சான்றை)க் கையில் கொடுத்துவிட்டுப் பெயரை மாற்றாமலே வண்டியை விற்பது தோட்டப்புறத்துக்குப் புதிதன்று. பதிவு உரிமையாளர் இறந்துவிட்டால், பணம் முழுதும் கொடுத்தவரும் இறந்தோர் சொத்தை நிருவகிக்கும் அமானா ராயா, நீதிமன்றம் என்று அலைய நேரிடும். உறவு பெரிதுதான், ஆனால் வண்டியைப் பொறுத்தவரை பதிவேட்டில் உள்ள பெயரே பேசும். வாங்குவோரும் விற்போரும் ஒன்றாகச் சென்று உரிமை மாற்றத்தை முடிக்கும்வரை முழுப்பணம் கைமாறக் கூடாது.

மற்றொரு வஞ்சகம், முன்பணம் வாங்கிக்கொண்டு மறைவது. அக்கூட்டத்தின் தந்திரம் எளிது. சந்தை விலையைவிட மிகக் குறைவான விலை, ‘இன்னொருவர் வாங்க வருகிறார்’ என்ற அவசரம், தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்கு எண். வண்டியைக் கண்ணால் காணாமல் ஒரு ரிங்கிட்டும் அனுப்பலாகாது. கிள்ளானில் நிற்கும் வண்டியானால் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருக. கணக்கு எண்ணும் தொலைபேசி எண்ணும் மோசடிப் புகாரில் சிக்கியவையா என்பதைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் அங்கே பதிவில்லை என்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிடமாட்டார். நேற்றுத் திறந்த கணக்கின்மீது இன்னும் புகார் வந்திராது.

வண்டிப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோம், உரிமை மாற்றத்துக்காக நடத்தும் பி5 பரிசோதனையையும் சிலர் முழுக் காப்பாகக் கருதுகின்றனர். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்திருக்கின்றனவா என்பதை அது காட்டும். இரு வண்டிகளை வெட்டி ஒட்டிய கள்ள வண்டியைப் பிடிக்க அது உதவும். மீட்டரில் காணும் தூரத்துக்கு அது சான்றன்று. 2021 டிசம்பரில் ஷா ஆலமிலும் 2023 மார்ச்சில் அண்டையிலுள்ள சிகாமட்டிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. அத்தகைய வண்டி துடைத்து மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வந்தால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. இருக்கை வாரை முழுதும் இழுத்துப் பார்த்துச் சேற்றுக்கறை தேட வேண்டும். தரைவிரிப்பைத் தூக்கித் துருவைத் தேட வேண்டும். நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஏமாந்தபின் எங்கே முறையிடுவது? வணிகரிடம் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் உண்டு. 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றி, 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். தனியாள் தனியாளுக்கு விற்ற வண்டிக்கு அந்தக் கதவு திறக்காது. இணையச் சந்தையில் நடக்கும் விற்பனையோ பெரும்பாலும் அத்தகையது. விற்பவர் வணிகரா தனியாளா என்பதே பல வேளைகளில் தெரிவதில்லை. இந்த ஓட்டையை அரசு அடைக்க வேண்டும். சம்போங் பாயார் விளம்பரங்களை முகநூல் குழுக்களும் விற்பனைத் தளங்களும் தாமாகவே நீக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். குற்றத்துக்கு அழைக்கும் விளம்பரத்தைத் தாங்கி நிற்கும் தளம், தனக்குப் பொறுப்பில்லை என்று கைவிரிப்பதை ஏற்கவியலாது.

தோட்டத்து ஆலய நிருவாகத்தினரும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும், தொழிற்சங்கக் கிளைகளும் இச்செய்தியை வீடுதோறும் கொண்டுசெல்ல வேண்டுகிறோம். பணத்தை அனுப்பிவிட்டு ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்திருக்க வேண்டாம். உடனே தம் வங்கிக்கும், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் அழைத்து, பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்க. மோசடிக்காரர் கணக்கிலிருந்து பணத்தை எடுப்பதற்குள் அதை முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு.