ஒற்றுமை எங்கே தொடங்க வேண்டும்?

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்டுகள் மாண்டனர். அப்பொழுது கட்சி ஒன்று, கொடி ஒன்று. 1964இல் கட்சி இரண்டாயிற்று. 1970இல் தொழிற்சங்கமும் ஏ.ஐ.டி.யூ.சி., சி.ஐ.டி.யூ. எனப் பிரிந்தது.

ஆயினும், 2019, 2024 நாடாளுமன்றத் தேர்தல்களில் இரு கட்சிகளும் ஒரே அணியில் நின்று தமிழகத்தில் இரண்டிரண்டு இடங்களை வென்றன. வாக்குக்குக் கூடும் கைகள் கூலிப் பேச்சில் கூடாவிடில், ஆதாயம் யாருக்கு? நிச்சயமாக நெசவாளிக்கு அன்று.

இராசிபுரம் வட்டாரத்து நெசவாளரும் மரவள்ளி பயிரிடுவோருமாகிய நாம் வேண்டுவது கட்சிகளின் இணைப்பு அன்று. கொள்கை வேற்றுமை இருக்கட்டும். நூல் விலை, கூலி, கிழங்கு விலை ஆகிய மூன்றுக்கும் ஒரே கோரிக்கைத் தாள் போதும். எக்கொடியினராயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவு நெறி. பாவும் ஊடையும் திசை மாறி ஓடினும் துணி ஒன்றன்றோ? அங்கத்தினர்கள் தத்தம் சங்கத் தலைவர்களிடம் இதனை வற்புறுத்துவார்களாக.