தீர்ப்புக்கு உட்படாத குற்றம்: மில்லெனியம் புதினங்களின் தலைவி

குற்றப்புனைவுத் தொடர்களில் அறச்சிக்கல் மிக்க தலைவியர் பெறும் வரவேற்பிற்கு அவர்தம் துணிவையே காரணமாகக் கூறுவர். இவ்விளக்கம் போதுமானதன்று. சுவீடிய எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் மறைவுக்குப் பின் 2005 முதல் 2007 வரை வெளிவந்த மில்லெனியம் புதினங்கள் மூன்றும் இதற்குத் தக்க சான்றாகும்.

இவற்றின் தலைவி லிஸ்பெத் சலாண்டர், வயது நிரம்பியும் சட்டப்படி பிறர் பாதுகாவலில் வைக்கப்பட்டவள். காவலனாக அமர்த்தப்பட்ட வழக்கறிஞன் பியூர்மனே அவளை வன்புணர்கிறான். அவளோ அவனைக் கட்டிவைத்து, அவன் குற்றத்தை அவன் உடலிலேயே பச்சை குத்துகிறாள். அரசமைப்பே கைவிட்ட நிலையில் இச்செயலை வாசகர் எளிதில் ஏற்கின்றனர். ஆயின் முதற்புதினத்தின் இறுதியில், நிதி மோசடியாளன் வென்னர்ஸ்ட்ரோமின் பெருஞ்செல்வத்தைக் கணினிவழிக் கவர்ந்து தனதாக்கிக்கொள்கிறாள், அவன் ஒளிந்திருக்கும் இடத்தை அவனைத் தேடுவோர்க்கு உணர்த்துகிறாள், அவன் கொல்லப்படுகிறான். இங்குத் தற்காப்பு என்னும் நியாயம் இல்லை. எனினும் வாசகரின் பரிவு குறைவதில்லை. முதற்செயலுக்கு அளித்த ஒப்புதல் அவர்தம் அறியாமலே இரண்டாவதற்கும் நீள்கிறது. தலைவியின் ஈர்ப்பு இந்நீட்சியிலேயே தங்கியுள்ளது.

தொடர்வடிவம் இதற்குத் துணைபுரிகிறது. தனிப்புதினத்திற்கு இறுதி இயலில் கணக்கு முடிக்கும் கட்டாயம் உண்டு; தொடரோ அதனை ஒத்திவைக்க இயலும். மூன்றாம் புதினத்தின் நீதிமன்றம், பியூர்மனின் கொடுமையைக் காட்டும் ஒளிப்பதிவைக் கண்டு, அவளது சட்ட உரிமையை மீட்டளிக்கிறது. வென்னர்ஸ்ட்ரோமின் பணம் குறித்து அங்கு வினா எழுவதில்லை. அவ்வழக்கு வாசகர் மனத்தில் மட்டுமே நிலுவையில் நிற்கிறது.

தலைப்பு மாற்றமும் கருதத்தக்கது. முதற்புதினத்தின் சுவீடியப் பெயர் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' எனப் பொருள்படும். ஆங்கிலப் பெயரோ டிராகன் உருவைப் பச்சை குத்திய இளம்பெண்ணைச் சுட்டுகிறது. குற்றவாளிகளைப் பெயரிட்ட தலைப்பு, தலைவியின் உடலை நோக்கித் திரும்பிவிட்டது. அவளைப் புதுமைப் பொருளாகக் காணும் இப்பார்வை, மூலம் எழுப்பிய அறவினாவைப் பின்தள்ளுகிறது.

தன்னைக் கொல்ல முனைந்த கணவனை மலையினின்று தள்ளிக் கொன்ற குண்டலகேசியைத் தமிழுலகு நீலகேசி உரைவழி அறியும். அங்குக் கொலைக்குப் பின் துறவு அமைகிறது. கதையும் சமய அறத்துள் நிறைவெய்துகிறது. சலாண்டருக்குத் துறவும் இல்லை, கழுவாயும் இல்லை. ஆகவே, இத்தகு தலைவியரை ஆராய்வோர் பண்புநலன்களைத் தொகுப்பதோடு அமைதல் கூடாது. தொடர் எக்குற்றத்தைத் தீர்ப்புக்கு உட்படுத்துகிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.